எந்தப் பல்?

மூன்று வாரங்களாக இப்பக்கத்தில் நான் எதுவும் எழுதவில்லை. ஆய்வேட்டின் கடைசி இயலோடு போராடிக்கொண்டிருப்பதாக நண்பர்கள் எண்ணியிருக்கக்கூடும். உண்மையில் நான் போராடியது ஒரு பல்லோடு. அதிலும், எந்தப் பல் என்று எனக்கே தெரியாத ஒரு பல்லோடு.

தொடக்கம் மார்கழியில். அம்மாதத்து விடியற்காலையில் பெங்களூரின் குழாய்த் தண்ணீரால் வாய் கொப்பளித்தவர்களுக்கு அதன் குளிர்ச்சி தெரியும். தண்ணீர் பட்டவுடன் இடப்பக்கம் சுள்ளென்று ஒரு கூச்சம் எழும்; துப்பியவுடன் அடங்கிவிடும். ஒரு நொடிதானே என்று விட்டுவிட்டேன். நெறியாளரிடம் இயலை ஒப்படைத்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஆய்வு மாணவர்கள் எல்லா நோய்க்கும் சொல்லிக்கொள்ளும் சமாதானம். மாசி பிறந்தபோது கூச்சம் மறைந்து வேறொன்று வந்தது. மத்திக்கரைத் தெருமுனைக் கடையில் நண்பனோடு ‘பை டூ’ காபி குடித்துக்கொண்டிருந்தேன். சூடு பட்டுச் சில நொடிகள் கழித்து, ஆழத்திலிருந்து ஒரு வலி கிளம்பி, இடப்பக்கத் தாடை முழுவதும் பரவி, அரைமணி நேரம் நின்றது. அன்றிரவு படுக்க முடியவில்லை. தலையணையில் தலையை வைத்தால் நாடித்துடிப்போடு சேர்ந்து விண்விண்ணென்று தெறித்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் சற்றுத் தணிந்தது. விடியும்வரை குளிர்ந்த நீரை வாயில் அடக்கிக்கொண்டு அமர்ந்திருந்தேன். இரண்டு மாதங்களுக்கு முன் எது வலியைத் தந்ததோ அதுவே இப்போது மருந்தாயிற்று.

மறுநாள் மல்லேஸ்வரத்தில் ஒரு பல் மருத்துவரிடம் சென்றேன். ஐம்பது வயதைக் கடந்த அம்மையார். “யாவ ஹல்லு?” என்று கேட்டார். நம் பால் கன்னடத்தில் ‘ஹாலு’ ஆவதைப் போல, நம் பல்லும் அங்கே ‘ஹல்லு’ ஆகிவிடும். நோவு மட்டும் இரு மொழியிலும் நோவாகவே நிற்கிறது. நான் சிறிதும் ஐயமின்றிக் கீழ்த்தாடையின் இடப்பக்கக் கடைவாய்ப்பல்லைத் தொட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடிக் கருவியின் காம்பால் அதைத் தட்டினார், ஒன்றுமில்லை. குளிரூட்டிய பஞ்சை வைத்தார். இலேசாகக் கூசி அடங்கியது. எக்ஸ்ரேயிலும் அந்தப் பல் பழுதின்றி இருந்தது. பிறகு நான் காட்டாத பற்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். மேல்தாடையில், பழைய அடைப்பு ஒன்று உள்ள கடைவாய்ப்பல்லில் சற்று நேரம் நின்றார். பின்னர், தமிழும் கன்னடமும் கலந்த மொழியில், “மேலே ஊசி போடறேன்” என்றார்.

வலி கீழே இருக்கிறது என்று மறுத்தேன். அவர் வாதிடவில்லை. “ஐது நிமிஷா” என்றார். ஐந்து நிமிடம்.

ஐந்து நிமிடம் தேவைப்படவில்லை. மேல்தாடை மரத்துப்போகத் தொடங்கியதும் கீழ்த்தாடையின் வலி நின்றது. தணியவில்லை, நின்றேவிட்டது. இரவு முழுவதும் எந்தப் பல்லை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேனோ அந்தப் பல்லில் எந்த நோயும் இல்லை. நாற்காலியில் சாய்ந்தபடி எனக்கு முதலில் தோன்றியது நிம்மதி அன்று, அம்மாவின் முகம்.

நான் ஏழாம் வகுப்புப் படித்த காலம். சாத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்கு ஒரு வாரமாகப் பல்வலி. அருகிலிருந்த நகரில் ஒரு மருத்துவரிடம் சென்றார். அவர் கேட்டதும் இதே கேள்விதான்: எந்தப் பல்? அம்மா கீழ்ப்பல்லைக் காட்டினார், பிடுங்கினார்கள். இரண்டு நாளில் வலி திரும்பியது. மீண்டும் சென்றார், அதற்கடுத்த பல்லைக் காட்டினார், அதையும் பிடுங்கினார்கள். வலி போகவில்லை. மூன்றாம் முறை வேறொரு மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து வரச்செய்து, மேலே இருந்த சொத்தைப்பல்லைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது ஒரு நகைச்சுவைக் கதை. “உங்கம்மாவுக்குத் தன் பல் எதுன்னே தெரியாது” என்று அப்பா விருந்தினரிடம் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன். அம்மாவும் சிரிப்பார். அந்தப் பக்கம் அவர் காராச்சேவு கடித்துப் பதினேழு ஆண்டுகள் ஆகின்றன.

நான் பல் மருத்துவம் பயின்றவன் அல்லன். தலைமயிரினும் குறுகிய குழாய்களில் திரவம் எவ்வாறு ஓடுகிறது என்று அளக்கும் இயந்திரவியல் மாணவன். ஆனாலும், வேர் சிகிச்சையின் அமர்வுகளுக்கு இடைப்பட்ட நாள்களில் என் இயலை மூடிவைத்துவிட்டுப் பல்லின் நரம்புகளைப் பற்றியே படித்தேன். அம்மா காட்டிய விரல் ஏன் பிழைத்தது என்பதை அறியாமல் வேறு வேலை ஓடவில்லை.

பல்லுக்கு உணர்வு தருவது முகத்தின் முக்கிளை நரம்பு. மூளையிலிருந்து நேரே புறப்படும் பன்னிரண்டு இணை நரம்புகளில் ஐந்தாவது. அதன் முதற்கிளை கண்ணையும் நெற்றியையும் நோக்கிச் செல்கிறது; இரண்டாவது மேல்தாடைக்கு; மூன்றாவது கீழ்த்தாடைக்கு. கீழ்த்தாடையில் நரம்பு எலும்பின் உட்புறத்துத் துளை ஒன்றில் நுழைந்து, எலும்புக்குள்ளேயே ஒரு சுரங்கப்பாதையில் முன்னோக்கி ஓடி, வழியில் ஒவ்வொரு பல்லுக்கும் இழைகளைத் தந்துவிட்டு, முகவாய் அருகே வெளிவந்து உதட்டுக்குச் செல்கிறது. கீழ்ப்பல்லுக்கு ஊசி போட்டால் உதடும் மரத்துப்போவது இதனால்தான். கீழ்த்தாடையின் எலும்பு தடித்தது. மருந்து அதனூடே கசியாது. ஆகவே நரம்பின் தண்டையே மறிக்க வேண்டும். மறித்தால் அப்பக்கத்துக் கீழ்ப்பற்கள் எல்லாமே மரத்துவிடும். மேல்தாடை எலும்பு மெல்லியது, நுண்துளைகள் கொண்டது. அங்கே ஓரிரு பற்களை மட்டும் மரக்கச் செய்ய முடியும். மருத்துவர் மேலே ஊசி போட்டது ஊகத்தால் அன்று. மேலே மரத்தும் வலி நிற்காவிட்டால் குற்றவாளி கீழே என்று தெரிந்துவிடும். கீழே முதலில் போட்டிருந்தால் எந்தப் பல் என்ற கேள்வி அப்படியே நின்றிருக்கும். நேர்த்தியான சோதனை வடிவமைப்பு. எங்கள் ஆய்வகத்தில் மாறிகளை இத்தனை ஒழுங்காகப் பிரிப்பவர்கள் குறைவு.

ஒவ்வொரு வேரின் நுனியிலும் அரை மில்லிமீட்டருக்கும் குறுகிய ஒரு துளை உண்டு. நரம்பிழைகள் இரத்தக் குழாய்களோடு சேர்ந்து அவ்வழியே பல்லுக்குள் நுழைகின்றன. உள்ளே இருப்பது பற்கூழ்: மென்மையான, உயிருள்ள திசு. வேர்ப்பகுதியில் இழைகள் அதிகம் கிளைப்பதில்லை. பல்லின் தலைப்பகுதியை அடைந்ததும் விசிறிபோல் விரிந்து, கூழின் விளிம்பில் ஒரு வலையாகப் பின்னிக்கொள்கின்றன. பிரெஸ்லாவ் நகரில் புர்க்கின்யேவின் மாணவராக இருந்த ராஷ்கோ என்பவர் 1835இல் இலத்தீனில் எழுதிய ஆய்வேட்டால் அந்த வலைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. (ஓர் ஆய்வேடு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் மேற்கோள் காட்டப்படும் என்ற செய்தி என்னைப் போன்றோர்க்கு ஆறுதல் தருவது.) வலையிலிருந்து புறப்படும் இறுதி இழைகள், டென்டைனை உருவாக்கும் ஓடோன்டோபிளாஸ்ட் செல்களின் இடையே புகுந்து, சில டென்டைனுக்குள்ளேயே 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை செல்கின்றன. அதற்கப்பால் நரம்பு இல்லை. வெளியுறையாகிய எனாமலில் அறவே இல்லை.

இந்த இழைகள் இரு வகை. மெல்லிய மயலின் உறை கொண்ட ஏ-டெல்டா இழைகள் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் செய்தி கடத்துபவை. உறையே இல்லாத சி இழைகள் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டாதவை. எண்ணிக்கையில் இவையே பெரும்பான்மை. தமிழில் இவ்வேறுபாட்டுக்கு எப்போதிருந்தோ சொற்கள் உள்ளன. ஏ-டெல்டா தருவது கூச்சம், சுள்ளென்ற குத்தல். தூண்டுதல் போனால் போய்விடும். சி இழைகள் தருவது குடைச்சல், விண்விண் எனத் தெறிப்பு. கிளம்பத் தாமதிக்கும், கிளம்பினால் அடங்காது. மார்கழியில் எனக்கிருந்தது முன்னது, மாசியில் பின்னது. நம் பாட்டிமார் ‘பல் கூசுது’ என்பதையும் ‘பல் குடையுது’ என்பதையும் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. மருத்துவரிடம் இவ்விரண்டு சொற்களையும் சரியாகச் சொன்னாலே நோயின் கட்டம் பாதி விளங்கிவிடும். ஆனால் இப்போதெல்லாம் நாம் இரண்டையும் ‘பெயின்’ என்கிறோம்.

கூச்சத்தில்தான் என் துறை குறுக்கிட்டது. டென்டைனின் வெளிப்புறத்தில் நரம்பு இல்லை. ஆயினும் அங்கே தொட்டாலே கூசுகிறது. எப்படி? டென்டைன் முழுவதும் நுண்குழாய்கள். பற்கூழை ஒட்டி ஒரு சதுர மில்லிமீட்டரில் 40,000க்கும் மேல். விட்டம் உட்புறம் ஏறத்தாழ 2.5 மைக்ரோமீட்டர், வெளிப்புறம் 1 மைக்ரோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அவற்றுள் திரவம் நிறைந்திருக்கிறது. அத்திரவம் அசைவதே நரம்பை எழுப்புகிறது என்று 1900இல் ஆல்ஃபிரட் கைசி ஊகித்தார். 1960களில் சுவீடனின் மார்ட்டின் பிரன்ஸ்ட்ரோம் சோதனைகளால் நிறுவினார். வெளிப்பட்ட டென்டைனில் உலர்ந்த உறிஞ்சுதாளை வைத்தால் வலிக்கிறது. இதைப் படித்தவுடன் காகிதத்தை எடுத்துக் கணக்கிட்டேன். 1 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள, நீரால் நன்கு நனையும் குழாயில் நுண்புழை அழுத்தம் ஏறத்தாழ 3 வளிமண்டலம். ஒரு துண்டுத் தாள் அத்தனை விசையோடு திரவத்தை இழுக்க வல்லது! குளிர் பட்டால் திரவம் சுருங்கி வெளிநோக்கி நகர்கிறது. இனிப்பும் தன் செறிவால் வெளியே இழுக்கிறது. குளிர் பற்கூழைச் சென்றடையும் முன்பே கூச்சம் வந்துவிடுவதற்கு இதுவே விளக்கம். இது மட்டுமே விளக்கம் என்றும் இல்லை: ஓடோன்டோபிளாஸ்ட் செல்களே குளிரை உணரும் டிஆர்பிசி-5 என்னும் அயனி வாயிலைக் கொண்டிருப்பதாக 2021இல் ஓர் ஆய்வு காட்டியது. கிராம்பின் யூஜெனால் அந்த வாயிலை அடைக்கிறது. ‘ஒரு கிராம்ப வச்சுக் கடிய்யா’ என்று தொலைபேசியில் அம்மா சொன்னது ஆய்விதழ் அளவுக்குத் தேறிய அறிவுரைதான்.

குழாயில் ஓட்டம் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. கூசும் பற்களில் திறந்த குழாய்களின் எண்ணிக்கை எட்டு மடங்கு, விட்டம் இரு மடங்கு என்று 1987இல் வெளியான ஓர் ஆய்வு அளந்தது. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: அதே அழுத்தத்திற்கு 128 மடங்கு ஓட்டம். ஆகவே கூச்சத்தைத் தீர்க்கக் குழாயை அடைத்தால் போதும். இவ்வூரிலேயே, இந்திய அறிவியல் நிறுவனத்தின் நானோ அறிவியல் பொறியியல் மையத்தினரும் அங்கே உருவான தெரநாட்டிலஸ் நிறுவனத்தினரும் 2025இல் இதைத்தான் முயன்றார்கள். 400 நானோமீட்டர் அளவுள்ள காந்தத் துகள்கள். ‘கால்பாட்’ என்று பெயர். காந்தப்புலத்தின் உந்துதலால் அவை குழாய்களுக்குள் 300 முதல் 500 மைக்ரோமீட்டர் வரை சென்று, சிமெண்ட் போல் இறுகி அடைத்துக்கொள்கின்றன. பற்பசை மேற்பரப்பில் பூசுவதை இவை ஆழத்தில் செய்கின்றன. சோதனை எலிகளுக்குக் குளிர்நீரும் சாதாரண நீரும் வைத்தார்கள். குளிர்நீரை ஒதுக்கிவந்த எலிகள் சிகிச்சைக்குப்பின் மீண்டும் அதைக் குடித்தன. எலியிடம் எந்தப் பல் என்று கேட்க வழியில்லை. அதனால் அது என்ன செய்கிறது என்று பொறுமையாகப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் அம்மாவுக்கு அந்தப் பொறுமை கிட்டவில்லை.

ஆனால் குழாயை அடைப்பது மாசி மாதத்து வலிக்கு உதவாது. சொத்தை கூழை நெருங்கி அழற்சி தொடங்கிவிட்டால் நிலைமை வேறு. கையில் அடிபட்டால் வீங்க இடமுண்டு. பற்கூழோ கெட்டியான சுவர்களுக்குள் அடைபட்டது. வீக்கம் அங்கே அழுத்தமாகிறது. படுக்கும்போது தலைக்கு ஏறும் இரத்தம் அவ்வழுத்தத்தைக் கூட்டுகிறது. உயிர்வளி குறையும்போது ஏ-டெல்டா இழைகள் முதலில் ஓய்கின்றன. சி இழைகள் தாக்குப்பிடிக்கின்றன. அப்போது சூடு வலியைக் கிளப்பும், குளிர் அடக்கும். என் இரவின் முரண் இப்படித்தான் அவிழ்ந்தது.

இனி விரலுக்கு வருகிறேன். சோற்றில் ஒரு மணல் பட்டால் எந்தப் பல்லில் பட்டது என்று உடனே தெரிகிறது. தலைமயிரின் தடிமனுக்கும் குறைந்த தகடு பற்களிடையே இருந்தாலும் உணர்கிறோம். ஆனால் அந்த உணர்வு பற்கூழுடையதன்று. வேரைச் சுற்றிப் பல்லை எலும்போடு பிணைக்கும் தசைநார்ப் படலத்தில் உள்ள அழுத்த உணரிகளுடையது. இடம் சொல்வது அவற்றின் வேலை. பற்கூழின் நரம்புகளுக்கு அந்த வேலை தெரியாது. சூடு, குளிர், வெட்டு எதுவாயினும் அவை அனுப்பும் செய்தி ஏறக்குறைய ஒன்றே: வலி. மேலும், மேல்தாடை இழைகளும் கீழ்த்தாடை இழைகளும் தத்தம் கிளைகளில் தனித்தனியே வந்தாலும், மூளைத்தண்டின் அடிப்பகுதியில் முக்கிளை நரம்பின் கருவை அடையும்போது, பல பற்களின் இழைகள் ஒரே நரம்புச் செல்லில் வந்து முடிகின்றன. அச்செல் எழுந்து மேலே செய்தி அனுப்பும்போது அது எந்தப் பல்லின் பொருட்டு எழுந்தது என்ற குறிப்பு அச்செய்தியில் இல்லை. மூளை ஓரிடத்தை ஊகித்துக்கொள்கிறது. அந்த ஊகத்தை நாம் வலியாகவே உணர்கிறோம். காது வலிப்பதாகச் சொல்லி வருபவர்களும் உண்டு. வலி மேலுக்கும் கீழுக்கும் தாவும். இடமிருந்து வலத்துக்கு மட்டும் பொதுவாகத் தாவுவதில்லை. அழற்சி வேர்நுனியைக் கடந்து தசைநார்ப் படலத்தைத் தொட்டபின்தான் தட்டினால் வலிக்கும், நோயாளியின் விரலும் சரியான இடத்துக்குப் போகும்.

அம்மாவின் வலி அந்தக் கட்டத்தை எட்டியிருக்கவில்லை. அவ்வளவுதான். அவர் பொய் சொல்லவில்லை, கற்பனை செய்யவில்லை, தன் உடலை அறியாதவராகவும் இல்லை. அவருடைய மூளைத்தண்டு தந்த முகவரியை அப்படியே படித்துக் காட்டினார். அந்த முகவரியைச் சரிபார்க்கும் பொறுப்பு குறடு பிடித்தவருடையது. பஞ்சும் பனிக்கட்டியும் ஒரு காம்பும் போதும் அதற்கு. பெருநகரத்துக் கருவிகள் வேண்டா. பல் மருத்துவ மாணவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள் என்பதால் இதைச் சற்று அழுத்தியே எழுதுகிறேன்.

சென்ற ஞாயிறன்று சிகிச்சையின் கடைசி அமர்வு முடிந்தது. அன்று மாலை அம்மாவை அழைத்தேன்.

“கீழதான் வலிச்சுச்சு. ஆனா கெட்டிருந்தது மேல் பல்லும்மா” என்றேன்.

சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “உனக்குமாய்யா?” என்றார்.

நடந்ததைச் சொன்னேன். மேலே ஊசி, கீழே வலி நின்றது, நரம்புகள் ஒன்றுகூடும் இடம், எல்லாவற்றையும் என்னால் இயன்ற எளிய சொற்களில் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார். முடித்தபின் அவர் கேட்டது ஒன்றே: “அப்ப எனக்கு அந்த ரெண்டு பல்லும் நல்ல பல்லாய்யா?”

ஆம் என்றேன்.

“இரு, உங்கப்பாகிட்ட குடுக்கறேன். மொதல்லருந்து சொல்லு.”

தொலைபேசி கைமாறும் ஓசை கேட்டது. அப்பா, “என்னய்யா, பல் எப்படி இருக்கு?” என்றார். வேர்நுனித் துளையிலிருந்து தொடங்கினேன்.